இன்னும் பத்து

கும்மிடிப்பூண்டி
9.6.2024

அக்கா,

இதைக் கிழித்துப் போடுவதானால் படித்துவிட்டுக் கிழி. இரண்டு வருஷம் பேசாமல் இருந்தவள் இப்போது கடிதம் எழுதுகிறாளே என்று நினைப்பாய். உனக்குச் சர்க்கரை முந்நூற்றுப் பத்து என்று போன வாரம் சித்தப்பா சொன்னார். அதிலிருந்து எனக்கு வேலை ஓடவில்லை. கம்பெனியில் ஒரே அட்டைப்பெட்டிக்கு இரண்டு தடவை டேப் ஒட்டித் திட்டு வாங்கினேன்.

எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். கேட்பதும் கேட்காததும் உன் இஷ்டம். சாப்பிட்டதும் உட்காராதே, பத்து நிமிஷமாவது நட. காலையில் அரை மணி நேரம் கொஞ்சம் வேகமாக நட. நடக்கும்போது பேச வர வேண்டும், பாட வரக் கூடாது. அதுதான் சரியான வேகம். சோற்றைக் குறைத்துக் காயையும் சுண்டலையும் கூட்டிக்கொள். டீயில் சர்க்கரை வேண்டாம். ராத்திரி எட்டு மணிக்குள் சாப்பிட்டுவிடு.

இதெல்லாம் அவர் எனக்குச் சொல்லிக் கொடுத்ததுதான். தன்ஷிகா பிறந்தபோது எழுபத்தெட்டு கிலோ இருந்தேன், உனக்கு ஞாபகம் இருக்கும். இப்போது ஐம்பத்தொன்பது. தினமும் காலை ஐந்தரைக்கு ஏரிக்கரை வரைக்கும் போய்விட்டு வருகிறோம். நான் ஓடுவேன், அவர் பைக்கில் பின்னாலேயே வருவார். அவருடைய அப்பா நாற்பத்தெட்டு வயதில் மில்லில் வேலை செய்துகொண்டிருக்கும்போதே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தவர். அதனால் உடம்பு விஷயத்தில் அவருக்குப் பயம் அதிகம்.

எனக்குப் போன் செய்யாதே. என் போனை அவர் தினமும் வாங்கிப் பார்ப்பார். அதில் தப்பு ஒன்றும் இல்லை. பதில் எழுதுவதானால் என்னோடு வேலை செய்கிற ஆரோக்கியமேரி அக்கா வீட்டுக்குப் போடு. கவரைப்பேட்டை விலாசம் பின்பக்கம் இருக்கிறது.

தன்ஷிகாவுக்கு ஐந்து முடிந்துவிட்டது. யு.கே.ஜி. போகிறாள்.

ரம்யா


கடம்பத்தூர்
17.6.2024

ரம்யா,

கிழிக்கவில்லை. கிழிக்கலாம் என்று எடுத்தேன், உன் மாமா பிடுங்கி வைத்துக்கொண்டார்.

சர்க்கரை விஷயம் உண்மைதான். ஆஸ்பத்திரியில் ஒரு சின்னப் பெண் டாக்டர். என் பாதத்தைப் பென்சிலால் தொட்டு, "தெரியுதா?" என்று கேட்டாள். தெரியவில்லை. "இப்படியே விட்டா ஒருநாள் காலையே வெட்டி எடுக்க வேண்டி வரும்மா" என்றாள். வீட்டுக்கு வந்து இரண்டு நாள் பாதத்தையே தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்றாம் நாள் நடக்க ஆரம்பித்தேன்.

தெருவில் நடந்தால் நாய் விரட்டுகிறது. அதனால் ஸ்டேஷன் பிளாட்பாரம். பூ விற்கிற கோவிந்தம்மாவும் கூட வருகிறாள், அவளுக்கும் சர்க்கரை. முதல் நாள் பாதி பிளாட்பாரம் நடந்ததுமே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். இப்போது இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை நாலு தடவை. செருப்பு கடித்ததால் ஷூ வாங்கினேன். புடவைக்கு ஷூவைப் பார்த்து அரக்கோணம் வண்டியில் போகிற பையன்கள் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும்.

சிரிப்பு என்றதும் கேட்கிறேன். குழந்தையின் மூன்றாவது பிறந்தநாளில் உன் வீட்டுக்காரர் என் தட்டிலிருந்த லட்டை எடுத்து வைத்துவிட்டு, "இன்னாக்கா, இதுக்கு மேல எங்க ரொப்பப் போற?" என்று எல்லார் முன்னாலும் கேட்டார். அவர் கேட்டதைக்கூட விட்டுவிட்டேன். நீ சிரித்தாயே, அதை விட முடியவில்லை. ஏன் சிரித்தாய்?

இன்னொன்று. போனைப் பார்ப்பதில் தப்பு இல்லை என்று நான் கேட்காமலே ஏன் எழுதினாய்?

ஹேமா


கும்மிடிப்பூண்டி
4.7.2024

அக்கா,

சிரிக்காமல் இருந்திருந்தால், வந்தவர்கள் போன பிறகு அதற்கும் சேர்த்து வாங்கியிருப்பேன். அதனால்தான் சிரித்தேன்.

இந்த இரண்டு வரியை எழுதி மூன்று நாள் பையிலேயே வைத்திருந்தேன். எழுதியாகிவிட்டது, மீதியையும் எழுதுகிறேன்.

காலையில் எழுந்ததும் எடை மெஷினில் ஏறி நிற்க வேண்டும். அவர் குனிந்து பார்ப்பார். குறைந்திருந்தால் தலையைத் தடவிக் கொடுப்பார். கூடியிருந்தால், "இன்னாடி இது, முன்னூறு கிராம் ஏறிக்கினு கீது? நேத்து கம்பெனில இன்னா துன்ன?" என்பார். ஒன்றும் இல்லை என்றால் பொய் சொல்கிறேன் என்று ஸ்கிப்பிங் கயிற்றை எடுப்பார். நூறு கிராமுக்கு ஓர் அடி, கெண்டைக்காலில். வெறும் கயிறு பட்டால் தடிக்கும், அவ்வளவுதான். மரப்பிடி பட்டால்தான் தோல் கிழியும். அதன் பிறகு ஐம்பது தடவை உட்கார்ந்து எழுந்திருக்க வேண்டும். முடித்ததும், "இன்னும் பத்து" என்பார். அதையும் முடித்தால் மறுபடியும், "இன்னும் பத்து." நான் கீழே விழுகிற வரைக்கும் அந்தப் பத்து தீராது.

போன மாதம் மேரி அக்கா தன் மகன் ஜோஷ்வா பிறந்தநாளுக்குக் கேக் கொண்டுவந்தார். ஒரு துண்டு சாப்பிட்டேன். வீட்டுக்குப் போனதும் என் விரலை முகர்ந்து பார்த்தார். குளியலறைக்கு இழுத்துப் போய், குனிய வைத்து, தொண்டைக்குள் விரலை விட்டார். என் விரலை இல்லை, தன் விரலை. ரத்தம் வந்த பிறகுதான் எடுத்தார்.

அப்புறம் அழுவார். "எங்கப்பன் மாரி நீயும் பொட்டுனு போய்ட்டா நான் இன்னாடி பண்ணுவேன்?" என்று என் காலுக்கு அவரே எண்ணெய் தடவுவார். அப்போது அவரைப் பார்த்தால் பாவமாக இருக்கும்.

கம்பெனி மருத்துவ முகாமில் என் ரத்த அழுத்தத்தைப் பார்த்துவிட்டு, "சூப்பரா இருக்கு, என்ன செய்றீங்க?" என்று நர்ஸ் கேட்டார். தினமும் ஓடுகிறேன் என்றேன். என் காலை அவர் பார்க்கவில்லை.

நீ இங்கே வந்துவிடாதே.

ரம்யா


கடம்பத்தூர்
10.7.2024

ரம்யா,

ஞாயிற்றுக்கிழமை நானும் மாமாவும் வருகிறோம். உன் துணிமணியையும் குழந்தையின் புத்தகப் பையையும் எடுத்து வை. வராதே என்று எழுதினால் நான் வராமல் இருப்பேனா?

ஹேமா


கடம்பத்தூர்
18.7.2024

ரம்யா,

உன் மாமாவுக்கு மூக்கெலும்பு உடைந்திருக்கிறது. முன்பல் இரண்டும் போய்விட்டன. வாயால் மூச்சு விட்டுக்கொண்டு படுத்திருக்கிறார். நீ தெரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன்.

அவர் என்ன அப்படிக் கேட்டுவிட்டார்? "இன்னா மாப்ள, பொம்பளைய கை நீட்றது இன்னா பயக்கம்?" என்றார். குரலைக்கூட உயர்த்தவில்லை. உன் புருஷன் ஜெகன் அவர் சட்டையைப் பிடித்து உன் வீட்டு இரும்புக் கேட்டில் முகத்தை மோதினான். ஒரு தடவை இல்லை, மூன்று தடவை. நான் நடுவில் விழுந்தேன். என் மார்பில் கை வைத்துத் தள்ளினான். நீ வாசலில் நின்றாய். உன்னைப் பார்த்தேன், நீயும் என்னைப் பார்த்தாய். "போங்கக்கா, போயிடுங்க" என்று சொல்லிக் கதவைச் சாத்தினாய்.

அதையும் பொறுத்துக்கொண்டேன். ஆனால் நாங்கள் கொடுத்த புகாரை விசாரிக்கப் போலீஸ்காரர் வந்து கேட்டபோது, "மாமா படியில தடுக்கி விழுந்தார்" என்றாயாமே. அந்த மனுஷன்தான் உனக்குக் கல்லூரிக்குச் சீசன் டிக்கெட் எடுத்துக் கொடுத்தவர்.

இனிமேல் எனக்கு எழுதாதே.

ஹேமா

தபாலில் போடும் முன் பிரித்து இதை எழுதுகிறேன். எழுது. எழுதாமல் இருந்துவிடாதே.


கும்மிடிப்பூண்டி
11.8.2024

அக்கா,

எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள். இடது கையில் இரண்டு விரல் கட்டுப் போட்டிருக்கிறது, தாளை அழுத்திப் பிடிக்க முடியவில்லை. நீங்கள் போன பிறகு, அக்காவிடம் எப்படிச் சொன்னாய் என்று கேட்டார். நான் சொல்லவில்லை. மேரி அக்கா பெயர் என் வாயிலிருந்து வரவே இல்லை. கதவிடுக்கில் விரலை வைத்துக் கதவைச் சாத்தினார். ஆஸ்பத்திரியில் பஸ் கதவு என்று சொன்னோம்.

மாமாவிடம் மன்னிப்புக் கேட்க எனக்கு வாயில்லை. நான் கதவைச் சாத்தாமல் இருந்தால் அவர் உள்ளே போய் இரும்பு ராடை எடுத்திருப்பார். அதை அப்போது உனக்கு எப்படிச் சொல்வேன்?

இதை எழுதக் காரணம் வேறு. போன திங்கட்கிழமை தன்ஷிகாவை மெஷினில் ஏற்றினார். பதினெட்டே முக்கால் கிலோ. "உங்கக்கா ரத்தம் இதுக்கும் கீது. இப்பவே புடிக்கணும்" என்றார். இட்லி இரண்டுக்கு மேல் கிடையாது. பள்ளிக்கூடத்துக்கு வெள்ளரிக்காயும் வேகவைத்த பயறும்தான். ஐந்து வயதுக் குழந்தை, அக்கா.

காலையில் அவளை என் முதுகில் ஏற்றிக்கொண்டு ஓட வேண்டும். எனக்குச் சுமையும் ஆச்சு, அவளுக்குப் பழக்கமும் ஆச்சு என்கிறார். அவள் என் கழுத்தைக் கட்டிக்கொண்டு, "அம்மா, நான் கனமா இருக்கனா?" என்று காதில் கேட்கிறாள். இல்லை என்று சொல்லக்கூட மூச்சு இருக்காது.

நேற்று தலையணை உறைக்குள் பாதி பிஸ்கட் இருந்தது. அவர் பார்ப்பதற்கு முன் நான் தின்றுவிட்டேன். இன்று காலை என் எடைக்கு அடி வாங்கினேன். அது பரவாயில்லை.

இதுவரை அவள்மேல் கை வைக்கவில்லை.

ரம்யா


கும்மிடிப்பூண்டி
20.8.2024

அக்கா,

இந்தக் கடிதத்தோடு தன்ஷிகாவை மேரி அக்கா அழைத்து வருகிறார். அவள் தொடையில் இருப்பதைப் பார். பார்த்துவிட்டு மேலே படி.

ஞாயிற்றுக்கிழமை காலை அவள் எடை அரைக் கிலோ கூடியிருந்தது. பக்கத்து வீட்டுப் பச்சையப்பன் அண்ணன் சனிக்கிழமை அவளுக்குப் போண்டா வாங்கித் தந்திருக்கிறார். குழந்தையை நடுக்கூடத்தில் நிறுத்தி உட்கார்ந்து எழச் சொன்னார். பன்னிரண்டு வரைக்கும் செய்தாள். பிறகு கால் மடங்கி விழுந்தாள். கயிற்றை எடுத்து ஓர் அடி அடித்தார். அவள் கத்தவில்லை, அக்கா. விழுந்த இடத்திலேயே மூத்திரம் போய்விட்டாள். "சீ, தொடைக்காத. ஏந்துரு. இன்னும் பத்து" என்றார்.

சுவரோரம் அவருடைய தம்பெல்ஸ் வரிசையாக இருக்கும். ஐந்து கிலோவை எடுத்தேன். "ஏய், இன்னா, கீழ வை" என்றார். கொஞ்சம் சிரித்தார்கூட. வைக்கவில்லை என்றதும் வந்து வயிற்றில் உதைத்தார். நான் விழவில்லை. இரண்டு வருஷம் ஓடவிட்ட கால் இல்லையா, நின்றது. மறுபடி உதைக்கக் காலைத் தூக்கியபோது முட்டியில் போட்டேன். அந்தச் சத்தம் தேங்காய் உடைக்கிற சத்தம் மாதிரி இருந்தது. அவர் விழுந்தார்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். உன்னிடம் மட்டும் சொல்கிறேன். அவர் தரையில் கிடந்து என் புடவையைப் பிடித்துக்கொண்டு, "வேணாம், வேணாம்" என்றார். அதே முட்டியில் இன்னும் இரண்டு அடி அடித்தேன். வாய்விட்டு எண்ணினேன். இரண்டு. மூன்று. தன்ஷிகா பார்த்துக்கொண்டு நின்றாள்.

பச்சையப்பன் அண்ணன் ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனோம். வழியில் அவர் என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "எக்சைஸ் பண்ணும்போது வழுக்கி வுழுந்தேன்னு சொல்லிடறேன். பொண்டாட்டி கையால அடி வாங்குனேன்னு தெரிஞ்சா மில்லுல ஒரு பய மதிக்க மாட்டான். ஆனா நீ என்னை வுட்டுட்டுப் போன, அன்னிக்கே போலீஸ்ல உண்மைய சொல்லுவேன். உன் பொண்ண ஜெயில் கம்பி வழியாத்தான் பாப்ப."

முட்டிச் சில்லு நொறுங்கி, கம்பி வைத்துக் கட்டியிருக்கிறார்கள். மூன்று மாதம் ஆள் துணை இல்லாமல் எழ முடியாது. நான்தான் பார்த்துக்கொள்கிறேன். குழந்தையை நீ பார்த்துக்கொள்.

ரம்யா


கடம்பத்தூர்
1.9.2024

ரம்யா,

தொடையைப் பார்த்தேன். பார்த்ததும் போட்டோ எடுத்து வைத்தேன்.

வந்த அன்று தட்டில் நாலு தோசை வைத்தேன். இரண்டைத் தின்றுவிட்டுக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள். "இன்னும் ஒண்ணு சாப்டுடா கண்ணு" என்றால், "எழுதிக்குவீங்களா பெரிம்மா?" என்கிறாள். எதை எழுத என்று கேட்டால், "சாப்ட்டதை. அப்பா நோட்டுல எழுதுவாங்கல்ல" என்கிறாள். உன் மாமா தன் தட்டிலிருந்து ஒன்றை எடுத்து அவள் தட்டில் போட்டார். அவர் மூக்குக் கட்டைப் பார்த்துவிட்டு, ஏதோ கணக்குப் போட்டவள் மாதிரி யோசித்து, அப்புறம் தின்றாள்.

காலையில் என்னோடு பிளாட்பாரத்துக்கு வருகிறாள். நான் நடப்பேன், அவளும் கோவிந்தம்மாவும் பெஞ்சில் உட்கார்ந்து பூ கட்டுவார்கள். முந்தாநாள்தான் தானாக எழுந்து என் பின்னால் ஓடி வந்தாள். பாதியில் நின்று, "போதும்னா நிக்கலாமா?" என்று கேட்டாள். "எப்ப வேணா நில்லு" என்றேன். உடனே நின்று பார்த்தாள். மறுபடி ஓடினாள். மறுபடி நின்றாள். அன்றைக்கு முழுக்க அதுவே அவளுக்கு விளையாட்டு. என் சர்க்கரை நூற்று அறுபத்தெட்டுக்கு வந்துவிட்டது. டாக்டர் பெண் கைகொடுத்தாள்.

நீ அங்கே என்ன செய்கிறாய்? அவன் அப்பன் செத்த பயத்துக்கு நீயா அவனுக்கு ஊழியம் பார்ப்பது? போலீஸில் சொன்னால் சொல்லட்டும். ஊரில் கேட்பார் இல்லாமலா இருக்கிறோம்? வந்து சேர்.

ஹேமா


கவரைப்பேட்டை
6.10.2024

அக்கா,

மேரி அக்கா வீட்டிலிருந்து எழுதுகிறேன். வெளியே வந்துவிட்டேன். சந்தோஷப்படுவதற்கு முன் இதை முழுக்கப் படி.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் ஒரு பிசியோதெரபி பெண் வீட்டுக்கு வந்து பயிற்சி சொல்லிக் கொடுத்தாள். காலை நீட்டி வைத்து முட்டியை மடக்காமல் தூக்க வேண்டும், ஐந்து எண்ணும் வரை பிடித்து இறக்க வேண்டும். பத்து தடவை, ஒரு நாளைக்கு மூன்று வேளை. "வலி அதிகமானா நிறுத்திடுங்க, கட்டாயப்படுத்தாதீங்க" என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போனாள். முதல் வாரம் அவள் சொன்னபடிதான் செய்தேன்.

இரண்டாம் வாரம் ஒருநாள் அவர் பத்தை முடித்து, "போதும் ரம்யா" என்றார். "இன்னும் பத்து" என்றேன். என்னை நிமிர்ந்து பார்த்தார். காலைத் தூக்கினார். முடித்ததும் மறுபடி சொன்னேன். வியர்த்து ஊற்றியது, உதட்டைக் கடித்துக்கொண்டு தூக்கினார். அன்று நான் வயிறாரச் சாப்பிட்டேன்.

பிறகு தினமும் அதுதான். கழிவறைக்குப் போக என் தோள் வேண்டும். எண்ணிக்கை முடித்தால்தான் தோள் கொடுப்பேன். ஒருநாள் முடிக்க முடியாமல் கட்டிலிலேயே மூத்திரம் போய்விட்டார். துணி மாற்றாமல் எதிரே நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் அழுதார். எனக்கு இனித்தது, அக்கா. வேறு எந்தச் சொல்லும் பொருந்தவில்லை.

வியாழக்கிழமை முட்டியை மடக்கும் பயிற்சி. முப்பது டிகிரிக்கு மேல் இப்போது வேண்டாம் என்று சொல்லியிருந்தாள். நான் இரண்டு கையாலும் பிடித்து, உடம்பு பாரம் முழுவதையும் போட்டு அழுத்தினேன். அவர் அலறிய அலறலில் பச்சையப்பன் அண்ணன் ஓடி வந்து கதவைத் தட்டினார். "எக்சைஸ்ணே, ஒண்ணும் இல்ல" என்று உள்ளிருந்தே குரல் கொடுத்தேன். அந்தக் குரல் எவ்வளவு சாதாரணமாக இருந்தது தெரியுமா? அதைக் கேட்டுத்தான் கையை எடுத்தேன்.

அவருடைய தம்பி குப்புராஜுக்குப் போன் செய்தேன். ஊத்துக்கோட்டையிலிருந்து வந்தான். மாத்திரை எது, எந்த வேளைக்கு, பயிற்சி எத்தனை தடவை என்று எல்லாவற்றையும் சொன்னேன். முட்டி ஏன் வீங்கியிருக்கிறது என்று கேட்டான். நான்தான் அழுத்தினேன், உடனே டாக்டரிடம் காட்டு என்றேன். அவன் ஓர் அடி தள்ளி நின்றுகொண்டான். கிளம்பும்போது அவர், "போலீஸ்ல சொல்லுவேன்டி" என்றார். "சொல்லுங்க" என்றேன். ரயில்வே ஸ்டேஷன் வரைக்கும் நடந்தே வந்தேன்.

அவர்மேல் இப்போது எனக்குப் பயம் இல்லை. என்மேல்தான் பயம். இன்னும் பதினைந்து நாள் தன்ஷிகாவை என் கண்ணில் காட்டாதே.

ரம்யா


கடம்பத்தூர்
9.10.2024

ரம்யா,

பதினைந்து நாளெல்லாம் கிடையாது. சனிக்கிழமை வருகிறேன்.

அந்த முதல் அடிக்கு நான் உன் பக்கம். அடுத்த இரண்டுக்கும் உன் பக்கத்தில் நிற்பேன், சரி என்று மட்டும் சொல்ல மாட்டேன். கட்டிலில் கிடந்தவனுக்கு நீ செய்ததற்கு உன்னைத் திட்டத்தான் வருகிறேன். வாய் வலிக்கிற வரைக்கும் திட்டுவேன், மேரி வீட்டில் அக்கம்பக்கம் கேட்டாலும் சரி.

திட்டி முடித்ததும் நேரே மகளிர் காவல் நிலையத்துக்குப் போகிறோம். அவன் சொல்லும் முன் நாமே சொல்லிவிடுவோம். கெண்டைக்கால் தழும்பையும் விரலையும் காட்டு. அவன் முட்டியை உடைத்தது நீதான் என்பதையும் சொல். இந்தத் தடவை யாரும் படியில் தடுக்கி விழவில்லை. உன் மாமா தன் மூக்கையும் இரண்டு பல்லையும் சாட்சிக்கு எடுத்துக்கொண்டு வருகிறார். கும்மிடிப்பூண்டியில் தெரிந்த வக்கீல் ஒருவரிடம் பேசியிருக்கிறார். கேஸ் உன்மேலும் வரலாம் என்கிறார். வந்தால் கோர்ட்டுக்கும் நடப்போம். நாலு மாதமாக நான் நடந்துகொண்டுதானே இருக்கிறேன்.

தன்ஷிகாவையும் அழைத்து வருகிறேன். வேண்டாம் என்று நீ சொன்னதைப் படித்துவிட்டுத்தான் சொல்கிறேன். நேற்று தலை பின்னிக்கொண்டிருந்தபோது திரும்பாமலே கேட்டாள்: "பெரிம்மா, அம்மா என்னையும் அடிப்பாங்களா?"

எனக்குச் சீப்பு ஓடவில்லை. மாட்டாங்க என்று சொல்ல வாய் வந்தது. ஆனால் அதை நான் சொல்லி என்ன பயன்? "அம்மாவையே கேளு" என்று சொல்லிவிட்டேன்.

கேட்பாள். அவளை உட்கார வைத்து, முகத்தைப் பார்த்துப் பதில் சொல். பயமாக இருக்கிறது என்றால் அதையும் சொல். நான் வாசலில்தான் இருப்பேன்.

ஹேமா